நாஹ்லஸ் முதல் எர்ப்ஷைன் வரை: ஜெர்மன் வாரிசுச் சொற்கள்

வாசகர் கேள்வி – எங்கள் பதில்

இறப்பு, உயில், சொத்து, வாரிசு தொடர்பான ஜெர்மன் சொற்களைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியுள்ளோம். சட்ட விவரங்கள் எல்லாம் ஜெர்மனியில் நடப்பிலுள்ள குடியியல் சட்டத் தொகுப்பை, அதாவது அங்கே எல்லோரும் ‘பே-கே-பே’ என்று சுருக்கிச் சொல்வதை, அடிப்படையாகக் கொண்டவை.

கேள்வி: வகுப்பில் ‘எர்பெ’ என்றால் வாரிசு என்றார்கள். அகராதியில் சொத்து என்று இருக்கிறது. எது சரி? ‘நாஹ்லஸ்’, ‘எர்ப்ஷஃப்ட்’ என்பவையும் அதே பொருள்தானா?

இரண்டும் சரி. முன்னால் நிற்கும் பால்குறிச் சொல்தான் முடிவு செய்யும். ‘டெர் எர்பெ’ என்றால் வாரிசு, ஆள். ‘டாஸ் எர்பெ’ என்றால் அவருக்கு வந்து சேரும் சொத்து. பெண் வாரிசு ‘டீ எர்பின்’. ஆளைக் குறிக்கும் எர்பெ வேற்றுமை ஏற்கும்போது ‘டென் எர்பென்’, ‘டெம் எர்பென்’ என்று கடைசியில் ‘ன்’ பெறும். சொத்தைக் குறிப்பது அப்படி மாறாது. அதனால் ‘இஹ் பின் ஸைன் எர்பெ’ என்றால் நான் அவருடைய வாரிசு. ‘இஹ் ஹாபெ மைன் எர்பெ பெகொம்மென்’ என்றால் எனக்குரிய பங்கு என் கைக்கு வந்துவிட்டது.

நாஹ்லஸும் எர்ப்ஷஃப்டும் ஒரே சொத்தை இரண்டு பக்கத்திலிருந்து பார்ப்பவை. போனவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் விட்டுச் சென்றது நாஹ்லஸ். இருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் நமக்கு வந்தது எர்ப்ஷஃப்ட். நீதிமன்றம், கடன்காரர், கணக்குப்பட்டியல் பற்றிய பேச்சில் பெரும்பாலும் நாஹ்லஸ் வரும். ஏற்பது, மறுப்பது, வரி கட்டுவது என்றால் எர்ப்ஷஃப்ட். இரண்டிலும் கடன் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். தமிழில் ‘சொத்து’ என்று மொழிபெயர்த்ததும் கடன் கண்ணில் படாமல் போகிறது. அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘சொத்தும் கடனும்’ என்று எழுதிப் பழகுங்கள்.

கடையில் ‘10 ப்ரோட்ஸெண்ட் நாஹ்லஸ்’ என்று எழுதியிருந்தால் அது விலைத் தள்ளுபடி. ‘டெர் ரேகென் லெஸ்ட் நாஹ்’ என்றால் மழை விடுகிறது. விடுதல், தளர்தல் என்ற வேர்ப்பொருள்தான் எல்லாவற்றிலும் ஓடுகிறது.

‘ஹிண்டர்லஸென்ஷஃப்ட்’ என்பதற்கும் விட்டுச் சென்றவை என்றே பொருள். ஆனால் பேச்சு வழக்கில், குறிப்பாகப் பன்மையில், நடைபாதையில் நாய் விட்டுப்போனதற்கும் இதையே சொல்கிறார்கள். துக்க வீட்டில் இந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

வினைச்சொற்களில் திசையைக் கவனியுங்கள். ‘எர்பென்’ பெறுவது. ‘ஃபெர்எர்பென்’ கொடுத்துவிட்டுப் போவது. ‘பெஎர்பென்’ ஒருவருக்கு வாரிசாவது. ‘பெஎர்டிகென்’ என்பதோ அடக்கம் செய்வது. கடைசி இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதால் தேர்விலும் தொலைபேசியிலும் மாறிப்போகின்றன.

கேள்வி: தூரத்து உறவினர் ஒருவர் ஜெர்மனியில் இறந்துவிட்டார். ‘நாஹ்லஸ்கெரிஹ்ட்’ என்ற இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ‘ஸீ கொம்மென் ஆல்ஸ் எர்பெ இன் பெட்ராஹ்ட்’ என்று ஒரு வரி. அவருக்குக் கடன் இருந்ததாகக் கேள்வி. பதில் எழுதாமல் விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

நாஹ்லஸ்கெரிஹ்ட் என்பது வட்டார நீதிமன்றமான ‘அம்ட்ஸ்கெரிஹ்ட்’டின் வாரிசுப் பிரிவு. நீங்கள் குறிப்பிட்ட வரிக்கு ‘தாங்கள் வாரிசாகக் கருதப்பட இடமுண்டு’ என்று பொருள். இத்தகைய கடிதத்தில் இன்னொரு வரியும் அடிக்கடி இருக்கும்: ‘டெர் ட்ஸுநெக்ஸ்ட் பெரூஃபெனெ எர்பெ ஹாட் டீ எர்ப்ஷஃப்ட் அவுஸ்கெஷ்லாகென்.’ முதலில் வாரிசாக இருந்தவர் மறுத்துவிட்டார் என்று அர்த்தம். தூரத்து உறவினருக்குக் கடிதம் வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். நெருங்கியவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று உடனே விசாரிக்க வேண்டும்.

ஜெர்மன் சட்டத்தில் வாரிசுரிமையை யாரும் வந்து கையில் தருவதில்லை. இறந்த அந்த நொடியில் அது தானாக வாரிசின் மேல் வந்து விழுகிறது. இதற்கு ‘அன்ஃபால்’ என்று பெயர். மருத்துவத்தில் வலிப்புக்கும் இதே சொல்தான். சொத்தும் கடனும் ஒரே பொதியாக வருவதை 1922-ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டாம் என்றால் நீங்கள்தான் எழுந்து நின்று மறுக்க வேண்டும். மௌனம் சம்மதம் என்பது நமக்குப் பழமொழி. அங்கே அது சட்டம்.

மறுப்புக்குப் பெயர் ‘அவுஸ்ஷ்லாகுங்’. கெடு 6 வாரம். சொத்து தன் மேல் விழுந்ததையும், எந்த அடிப்படையில் விழுந்தது என்பதையும் அறிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உயில் இருந்தால், நீதிமன்றம் அதை அறிவிக்கும் முன் கெடு தொடங்காது. இறந்தவரின் கடைசி வசிப்பிடம் வெளிநாட்டில் மட்டுமே இருந்திருந்தாலோ, கெடு தொடங்கும்போது வாரிசு வெளிநாட்டில் இருந்தாலோ 6 மாதம். நீங்கள் எங்கிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. அதைப் பொறுத்து உங்களுக்கான கெடு மாறும்.

எப்படி மறுப்பது? சாதாரணக் கடிதம் செல்லாது. மின்னஞ்சல் செல்லாது. பதிவுத் தபாலும் செல்லாது. நீதிமன்றத்துக்கு நேரில் சென்று அலுவலர் முன் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு, அவர் சான்றளித்த தாளை நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் இருப்பவர் தன் ஊர் அம்ட்ஸ்கெரிஹ்ட்டிலேயே மறுக்கலாம், இறந்தவரின் ஊருக்குப் பயணம் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர் ஜெர்மன் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று பெறலாம். ஆனால் தாள் கெடுவுக்குள் நீதிமன்றத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய தேதி கணக்கில் வராது. தூதரகத்தில் நேரம் கிடைக்கவே சில வாரங்கள் ஆகலாம் என்பதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பாதி ஏற்று பாதி மறுக்க முடியாது. வீடு வேண்டும், கடன் வேண்டாம் என்பது நடக்காது. ‘கடன் இருந்தால் மட்டும் மறுக்கிறேன்’ என்ற நிபந்தனை மறுப்பும் செல்லாது.

பலரும் கோட்டைவிடும் இடம் பிள்ளைகள். நீங்கள் மறுத்தால் கதை முடிவதில்லை. பொதி உங்கள் பிள்ளைகள் மேல் போய் விழும். அவர்கள் சிறுவர்கள் என்றால் பெற்றோர் அவர்கள் பெயரிலும் தனியாக மறுக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துச் சென்று, எல்லா மறுப்பையும் ஒரே நடையில் முடித்துவிடுவது உத்தமம். பெற்றோர் இருவருக்கும் பொறுப்புரிமை இருந்தால் இருவரின் கையெழுத்தும் தேவை.

முடிவெடுக்கும்வரை இறந்தவரின் பொருளில் கை வைக்காதீர்கள். காரை விற்பது, கணக்கிலிருந்து பணம் எடுத்துச் செலவழிப்பது, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எல்லாம் ஏற்றுக்கொண்டதற்குச் சமமாகிவிடும். பூனைக்குச் சோறு வைப்பது, உடைந்த சன்னலை அடைப்பது, இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்வது அப்படி ஆகாது. இறுதிச் சடங்குப் பொறுப்பு வேறு கணக்கு: ‘பெஷ்டட்டுங்ஸ்ஃப்லிஹ்ட்’ எனும் அந்தக் கடமை அந்தந்த மாநிலச் சட்டப்படி நெருங்கிய உறவினர் மேல் விழுகிறது. சொத்தை மறுத்த மகனுக்கும் அது நீங்காது.

6 வாரம் தவறிவிட்டால்? கதவு முழுக்க மூடவில்லை. ‘நாஹ்லஸ்ஃபெர்வால்டுங்’ எனும் நீதிமன்ற நிர்வாகத்தையோ ‘நாஹ்லஸ்இன்ஸோல்வென்ட்ஸ்’ எனும் நொடிப்பு நடைமுறையையோ கோரி, விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பைச் சுருக்கிக்கொள்ளலாம். சொந்தப் பணம் தப்பும். ஆனால் அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நடக்க வேண்டாம்.

கேள்வி: உயில் எழுதாமல் இறந்தவரையும் ‘எர்ப்லஸர்’ என்கிறார்களே?

ஆம். உயில் எழுதியவர் ‘டெஸ்டாடோர்’. எர்ப்லஸர் என்பது சொத்தை விட்டுச் செல்லும் யாருக்கும் பொது. எனவே எர்ப்லஸரை ‘உயில் எழுதியவர்’ என்று மொழிபெயர்ப்பது பிழை. ‘இறந்தவர்’ அல்லது ‘சொத்தை விட்டுச் சென்றவர்’ என்றால் போதும். பெண்ணானால் எர்ப்லஸெரின்.

கேள்வி: ஒரு உயிலை மொழிபெயர்க்கிறேன். ‘மைனெ நிஹ்டெ ஸோல் டாஸ் க்லவீர் எர்பென்’ என்று இருக்கிறது. மருமகளை வாரிசு என்று எழுதலாமா? வேறொரு பத்தியில் ‘ஃபெர்மாஹென்’ வருகிறது. என்ன வித்தியாசம்?

முதலில், ‘நிஹ்டெ’ உடன்பிறந்தாரின் மகள். தமிழில் அவள் அண்ணன் மகளா அக்காள் மகளா என்பதைப் பொறுத்து உறவுச்சொல்லே மாறிவிடும். ‘மருமகள்’ என்றால் மகனின் மனைவி என்று நீதிமன்றத்தில் புரிந்துகொள்ள இடமுண்டு. ‘உடன்பிறந்தவரின் மகள்’ என்று எழுதுங்கள். அழகு குறைந்தாலும் ஐயம் வராது.

இனி அந்த வாக்கியம். ‘என் உடன்பிறந்தவரின் மகள் பியானோவை எர்பென் செய்ய வேண்டும்.’ எழுதியவர் எர்பென் என்ற வினையைப் போட்டிருக்கிறார். ஆனால் தனித்தனிப் பொருளை மட்டும் பெறுபவரை, எழுதியவர் வாரிசு என்றே அழைத்திருந்தாலும், ஐயம் வரும்போது வாரிசாகக் கொள்ளக்கூடாது என்கிறது 2087-ஆம் பிரிவு. அவர் ‘ஃபெர்மெஹ்ட்னிஸ்’ பெறுபவர் மட்டுமே.

வித்தியாசம் இதுதான். வாரிசு முழுவதையுமோ அதில் ஒரு பின்னத்தையோ பெறுகிறார், கடனிலும் பங்கு, இறந்த நொடியிலேயே உரிமையாளர். ஃபெர்மெஹ்ட்னிஸ் பெறுபவர் அப்படியல்ல. பியானோ முதலில் வாரிசுக்குச் சொந்தமாகிறது. ‘எனக்கு எழுதிவைத்ததைக் கொடு’ என்று வாரிசிடம் கேட்கும் உரிமை மட்டுமே அவருக்கு. இறந்தவரின் கடனுக்கு அவர் பொறுப்பாளி இல்லை. வாரிசுச் சான்றிதழிலும் அவர் பெயர் வராது.

தமிழில் எர்பெவை வாரிசுரிமை என்றும், ஃபெர்மெஹ்ட்னிஸை ‘உயில்வழிக் கொடை’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் இல்லை. ‘ஃபெர்மாஹென்’ நம் வழக்கில் ‘எழுதிவைத்தல்’ என்பதோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் நாம் வீட்டையும் எழுதிவைத்தோம் என்கிறோம், மோதிரத்தையும் எழுதிவைத்தோம் என்கிறோம். அதனால் தமிழில் யோசித்து ஜெர்மனில் உயில் எழுதுபவருக்கு இந்தக் கோடு தெரியாமல் போகிறது. தெளிவாக எழுத வேண்டுமென்றால்: ‘இஹ் ஸெட்ஸெ மைனெ டோஹ்டர் ஆல்ஸ் அலைன்எர்பின் ஐன்’, அதாவது என் மகளை ஒரே வாரிசாக நியமிக்கிறேன். அடுத்த வரியில் ‘இஹ் ஃபெர்மாஹெ மைனெம் நெஃபென் 5.000 ஒய்ரோ’, உடன்பிறந்தவரின் மகனுக்கு 5,000 யூரோ கொடையாக எழுதிவைக்கிறேன். வாரிசை நியமிக்காமல் ‘வீடு அவனுக்கு, நகை அவளுக்கு’ என்று மட்டும் எழுதிய உயில்கள்தான் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன. அந்த வீடே ஏறக்குறைய முழுச் சொத்து என்றால் அதைப் பெறுபவரை நீதிபதி வாரிசாகக் கொள்ளவும் கூடும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஜெர்மனில் ஆயிரத்தைப் புள்ளியால் பிரிப்பார்கள், தசமத்தைக் காற்புள்ளியால். 5.000 என்றால் ஐயாயிரம். மொழிபெயர்ப்பில் இதை அப்படியே விட்டால் ஐந்து யூரோ ஆகிவிடும்.

கேள்வி: ‘பெர்லினர் டெஸ்டமெண்ட்’ எழுத பெர்லினில் வசிக்க வேண்டுமா? கணினியில் அடித்துக் கையெழுத்துப் போட்டால் போதுமா?

பெர்லினில் வசிக்கத் தேவையில்லை. கணினியில் அடித்தால் செல்லாது.

நோட்டரி இல்லாமல் எழுதும் உயில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொந்தக் கையால் எழுதப்பட்டு, கீழே கையெழுத்திடப்பட வேண்டும் என்கிறது 2247-ஆம் பிரிவு. அச்சிட்ட தாளில் கையெழுத்து மட்டும் என்றால் அது வெறும் தாள். தேதியும் இடமும் இல்லாவிட்டால் உடனே செல்லாமல் போகாது. ஆனால் இரண்டு உயில்கள் கிடைத்து எது பிந்தியது என்று தெரியாவிட்டால் சிக்கல். எழுதிவிடுங்கள். தம்பதியர் கூட்டாக எழுதினால் ஒருவர் முழுவதும் கையால் எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் போதும். இந்தச் சலுகை மணமானவர்களுக்கே. மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் ஒரே தாளில் எழுத முடியாது. தனித்தனியே எழுதலாம், அல்லது நோட்டரியிடம் ‘எர்ப்ஃபெர்ட்ராக்’ எனும் வாரிசு ஒப்பந்தம் செய்யலாம்.

பெர்லினர் வகையில் ஒருவர் போனால் மற்றவர் முழு வாரிசு. இருவரும் போன பிறகு பிள்ளைகள். அவர்களுக்கு ‘ஷ்லுஸ்எர்பெ’, கடைசி வாரிசு என்று பெயர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் இறப்பின்போது பிள்ளைகள் வாரிசுரிமை இழக்கிறார்கள் என்று சட்டம் பார்க்கிறது. அப்போது அவர்களுக்கு ‘ப்ஃலிஹ்ட்டைல்’ கேட்கும் உரிமை பிறக்கிறது. அது உயிலாலும் பறிக்க முடியாத கட்டாயப் பங்கு. சட்டப்படி கிடைத்திருக்கக்கூடிய பங்கில் பாதி. பொருளாக அல்ல, பணமாக.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், திருமணச் சொத்து ஏற்பாடு வழக்கமான வகை. கணவர் விட்டுச் சென்றது 2,40,000 யூரோ. உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பிள்ளைக்குக் கால் கால், அதாவது தலா 60,000. பெர்லினர் உயில் இருந்தால் பிள்ளை கேட்கக்கூடிய ப்ஃலிஹ்ட்டைல் அதில் பாதி, 30,000. இருவரும் கேட்டால் மனைவி 60,000 யூரோவை ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டும். சொத்து முழுக்க வீடாக இருந்தால் எங்கே போவார்? இதைத் தடுக்க, ‘முதல் இறப்பில் ப்ஃலிஹ்ட்டைல் கேட்கும் பிள்ளைக்கு இரண்டாவது இறப்பிலும் ப்ஃலிஹ்ட்டைல் மட்டுமே’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். கேட்பதை அது தடை செய்யாது. கேட்கத் தயங்க வைக்கும்.

இன்னொன்று: ஒருவர் இறந்த பிறகு மற்றவர் தன்னிச்சையாக உயிலை மாற்ற முடியாதபடி கை கட்டப்படும். மாற்றும் உரிமை வேண்டுமென்றால் அதையும் உயிலிலேயே எழுதியிருக்க வேண்டும். உடன்பிறந்தவர்களுக்கு ப்ஃலிஹ்ட்டைல் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டு மட்டும் பல கடிதங்கள் வந்திருந்தன.

கேள்வி: ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. அப்படியானால் ‘மிட்கிஃப்ட்’?

சீதனம். அதில் நஞ்சு என்ற பொருள் இல்லை. கிஃப்ட் என்பதன் பழைய பொருள் ‘கொடுப்பது’. நஞ்சு ‘டாஸ் கிஃப்ட்’, சீதனம் ‘டீ மிட்கிஃப்ட்’. இன்றைய சட்டத்தில் ‘அவுஸ்ஷ்டட்டுங்’ என்ற சொல்தான் உண்டு: மணமாகும்போதோ தனியாகத் தொழில் தொடங்கும்போதோ பெற்றோர் பிள்ளைக்குத் தருவது, மகனுக்கானாலும் மகளுக்கானாலும். பெற்றோர் வேறு விதமாகச் சொல்லாதவரை, பிறகு பாகம் பிரிக்கும்போது அது கணக்கில் கழிக்கப்படும்.

கேள்வி: வங்கியில் ‘எர்ப்ஷைன்’ கேட்கிறார்கள். நோட்டரி உயில் இருக்கிறது. இரண்டும் வேண்டுமா?

எர்ப்ஷைன் என்பது நீதிமன்றம் தரும் வாரிசுச் சான்றிதழ். சொத்து மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் ஏறும்; ஆகவே தேவையில்லாமல் வாங்க வேண்டாம். நோட்டரி உயிலும், அதை நீதிமன்றம் திறந்து பதிவு செய்த ‘எரோஃப்னுங்ஸ்நீடர்ஷ்ரிஃப்ட்’ எனும் தாளும் சேர்ந்தால் நிலப் பதிவேடான ‘க்ருண்ட்பூஹ்’ அலுவலகம் பொதுவாக ஏற்கும், வங்கியும் ஏற்கும். கையால் எழுதிய உயில் என்றால் நிலப் பதிவேட்டுக்கு எர்ப்ஷைன் வேண்டும். வங்கி விஷயத்தில், வாரிசு யார் என்பது கையெழுத்து உயிலிலிருந்தே தெளிவாகத் தெரிந்தால் எர்ப்ஷைனைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றமான புண்டெஸ்கெரிஹ்ட்ஸ்ஹோஃப் 2016-இல் தீர்ப்பளித்திருக்கிறது. இறந்த 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றக் கட்டணம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் சொத்து இருந்தால் ‘ஒய்ரோபேயிஷெஸ் நாஹ்லஸ்ட்ஸொய்க்னிஸ்’ எனும் ஐரோப்பிய வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். 17 ஆகஸ்ட் 2015 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு அது உண்டு. டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. அதன் நகல் வழக்கமாக 6 மாதமே செல்லும். அதே ஐரோப்பிய விதிப்படி, ஒருவர் எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும், வழக்கமாக வாழ்ந்தது ஜெர்மனி என்றால் ஜெர்மன் வாரிசுச் சட்டமே பொருந்தும். தன் குடியுரிமை நாட்டின் சட்டம் வேண்டுமென்றால் ‘ரெஹ்ட்ஸ்வால்’, அதாவது சட்டத் தேர்வு, என்று உயிலில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

கேள்வி: ‘ஃப்ரைபெட்ராக்’, ‘ஃப்ரைக்ரென்ட்ஸெ’ இரண்டும் வரிவிலக்கு வரம்புதானே?

ஒன்றல்ல. ஃப்ரைபெட்ராக் என்றால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் வரி. ஃப்ரைக்ரென்ட்ஸெ என்றால் கோட்டை ஒரு யூரோ தாண்டினாலும் முழுத் தொகைக்கும் வரி. வாரிசு வரியான ‘எர்ப்ஷஃப்ட்ஷ்டோயர்’ ஃப்ரைபெட்ராக் வகை: கணவன் அல்லது மனைவிக்கு 5,00,000, பிள்ளைக்கு 4,00,000, பேரப்பிள்ளைக்கு 2,00,000, உடன்பிறந்தவருக்கும் உறவில்லாதவருக்கும் 20,000 யூரோ.

4,50,000 யூரோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற கழிவுகளை விட்டுவிடலாம். பிள்ளை என்றால் 50,000-க்கு 7 விழுக்காடு, 3,500 யூரோ. தம்பி என்றால் 4,30,000-க்கு 25 விழுக்காடு, 1,07,500. மணமாகாமல் இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த துணை என்றால் 30 விழுக்காடு, 1,29,000. உறவுச்சொல் ஒன்று மாறினால் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். படிவத்தில் உறவைக் கேட்கும் கட்டத்தை அவசரத்தில் நிரப்பாதீர்கள். சொத்து வந்ததை அறிந்த 3 மாதத்துக்குள் வரி அலுவலகத்துக்குத் தெரிவிப்பது பொது விதி.

கேள்வி: அலுவலகத் தோழியின் அப்பா இறந்துவிட்டார். என்ன சொல்வது? நாளிதழ் அறிவிப்பில் இருந்த வாக்கியங்களும் புரியவில்லை.

நேரில் ‘மைன் ஹெர்ட்ஸ்லிஹெஸ் பைலைட்’ போதும். அதற்கு மேல் சொல் தேட வேண்டாம். அட்டையில் எழுத ‘மைன் அவுஃப்ரிஹ்டிகெஸ் பைலைட்’.

அறிவிப்பில் ‘ஃபெர்ஷ்டோர்பென்’ என்றால் காலமானார்; ‘என்ட்ஷ்லாஃபென்’ என்றால் துயில் கொண்டார். ‘ஹிண்டர்ப்லீபெனெ’ என்பது பின்னால் தங்கிவிட்டவர்கள், அதாவது குடும்பத்தார். அவர்களுக்கான ஓய்வூதியம் ‘ஹிண்டர்ப்லீபெனென்ரென்டெ’. ‘ஃபோன் பைலைட்ஸ்பெகுண்டுங்கென் அம் க்ராப் பிட்டென் வியர் அப்ஷ்டண்ட் ட்ஸு நேமென்’ என்ற நீண்ட வரி இருந்தால் கவனம்: கல்லறை அருகே அனுதாபம் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். வரிசையில் நின்று கை பற்ற முயலாதீர்கள். சிறிது தள்ளி நின்று தலை தாழ்த்தினால் போதும்.

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்யும்போது ‘பேஸென்ரைன்’ என்று கேட்கிறார்கள். ‘ஹவுஸ்ஹால்ட்ஸ்அவுஃப்லோஸுங்’ செய்பவர்களும் ‘என்ட்ரூம்பெலுங்’ செய்பவர்களும் ஒன்றா?

பேஸென் துடைப்பம், ரைன் தூய்மை. பொருள்கள் எதுவும் இல்லாமல், பெருக்கி, தடித்த அழுக்கை நீக்கிக் கொடுத்தால் போதும். தரையைத் தேய்த்துக் கழுவுவதோ சுவருக்கு வண்ணம் பூசுவதோ அந்தச் சொல்லில் அடங்காது.

என்ட்ரூம்பெலுங் தட்டுமுட்டுகளை அள்ளி அப்புறப்படுத்துவது. ஹவுஸ்ஹால்ட்ஸ்அவுஃப்லோஸுங் ஒரு குடித்தனத்தையே கலைப்பது. விலைபோகும் பொருளின் மதிப்பைக் கூலியில் கழிக்கும் ‘வேர்ட்அன்ரெஹ்னுங்’ அதில் வழக்கம். ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்களை அழைக்கும் முன் தாள்கள், சாவிகள், ஒளிப்படங்களை நீங்களே எடுத்துப் பிரித்து வையுங்கள். புத்தகங்களை ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள். உயில் கிடைத்தால் அதைத் தாமதமின்றி நீதிமன்றத்தில் ஒப்படைப்பது சட்டக் கடமை. உடன் வாழ்ந்தவர் யாரும் வாடகை ஒப்பந்தத்தைத் தொடரவில்லை என்றால், விவரம் அறிந்த ஒரு மாதத்துக்குள் வாரிசு சிறப்பு முறையில் முறித்துக்கொள்ளலாம். மறுப்பதா ஏற்பதா என்று முடிவாகாதவரை இவை எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: எழுத்தாளர்களின் ‘நாஹ்லஸ்’ என்று நூலகப் பட்டியலில் வருகிறது. அதுவும் சொத்துதானா? பழைய தாள்களில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே?

அங்கே அது அவர்கள் விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், நாட்குறிப்புகளின் தொகுப்பு. உயிரோடு இருக்கும்போதே காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டால் அது ‘ஃபோர்லஸ்’. மார்பாஹ் ஊரிலுள்ள ஜெர்மன் இலக்கியக் காப்பகம் இரண்டையும் சேர்க்கிறது. கவிஞர் கோதேயின் தாள்கள், அவருடைய கடைசிப் பேரன் வால்டர் 1885-இல் இறந்தபோது, அவர் முன்பே எழுதிவைத்திருந்த உயிலால் வைமரின் கோமாட்டி ஸோஃபீக்குப் போயின. வைமர் நகரிலுள்ள கோதே காப்பகம் அப்படித்தான் பிறந்தது.

1996-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் நாஹ்லஸ் என்பதன் கடைசி ஒலியை ‘எஸ்ட்ஸெட்’ எனும் ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். இப்போது இரண்டு ‘எஸ்’. பழைய பட்டியல்களில் தேடும்போது இரண்டு வடிவிலும் தேடுங்கள். கையெழுத்து இன்னும் பழையதென்றால் ‘குரெண்ட்’ எழுத்துமுறையாக இருக்கும். அதில் ‘எ’ ஒலிக்கான எழுத்தைப் பழக்கமில்லாத கண் ‘ன’ என்று படித்துவிடும். எர்பெ, எர்பென் என்று ஓர் எழுத்தில் ஒருமை பன்மை மாறும் சொல்லில் அது சிறிய பிழை இல்லை.

கேள்வி: ‘ட்ரைஸிஹ்ஸ்டர்’ என்றால் முப்பதாவது. வாரிசுச் சட்டத்தில் அது ஏன் வருகிறது?

இறந்தவருடன் ஒரே குடித்தனத்தில் வாழ்ந்து, அவர் தயவில் உண்டு உடுத்த குடும்பத்தாரை, இறப்பு நேர்ந்ததிலிருந்து 30 நாள்வரை வாரிசு அவர் பராமரித்தபடியே பராமரிக்க வேண்டும். வீட்டில் இருக்கவும் சாமான்களைப் புழங்கவும் விட வேண்டும். சொத்தெல்லாம் வேறொருவருக்குப் போயிருந்தாலும் சரிதான். 1969-ஆம் பிரிவு அந்த உரிமைக்கு வைத்திருக்கும் பெயர் ட்ரைஸிஹ்ஸ்டர். இறந்தவர் உயிலில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டும் இது மாறும்.

இதோடு சேர்த்து அறிய வேண்டிய சொல் ‘ஃபோரவுஸ்’. உயில் இல்லாதபோது, உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ தன் பங்குக்கு மேலாக முன்னதாகவே எடுத்துக்கொள்ளும் வீட்டுச் சாமான்கள் அவை. பிள்ளைகள் உடன் வாரிசுகளாக இருந்தால், முறையாகக் குடித்தனம் நடத்தத் தேவையான அளவுக்கு மட்டும். இறந்தவரின் பெற்றோரோ உடன்பிறந்தவரோ வாரிசுகள் என்றால் சாமான்கள் முழுவதும், திருமணத்துக்கு வந்த பரிசுகள் உட்பட.